தொழிற்சாலை வளவில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது எப்படி? கொழும்பில் புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒருகொடவத்தை, பேலியகொடை, வெல்லம்பிட்டி பக்கம் மே மாத மழையில் ஒரு தடவை நடந்து பாருங்கள். கொன்டெய்னர் யார்டுகளின் வாசலிலிருந்து சிவப்புத் தண்ணீர் ரோட்டுக்கு வரும். ரோட்டிலிருந்து கானுக்கும், கானிலிருந்து ஏதோவொரு வாய்க்காலுக்கும் போகும். அந்தச் சிவப்பு நிறம்தான் மண். அதில் ஒரு பகுதி வாய்க்காலின் அடியில் படிந்துவிடும். வாய்க்காலின் ஆழம் குறையும். அடுத்த பெருமழைக்கு நீர் போக இடமில்லாமல் வீடுகளுக்குள் ஏறும். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்கள் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. வெள்ளத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் நம் மதிலுக்குள்ளேயே திருத்தக்கூடியது இது ஒன்று.

நீங்கள் ஒரு தொழிற்சாலையிலோ, களஞ்சியத்திலோ, யார்டிலோ பராமரிப்பு அல்லது சுற்றாடல் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது: மண் தண்ணீரில் கலந்த பிறகு அதைப் பிடிப்பது கடினம், செலவும் அதிகம். கலக்க விடாமல் பார்ப்பது அதைவிட மிக இலேசு. கொழும்பின் சிவப்புக் கிரவல் மண்ணுக்கு இது இரட்டிப்பு உண்மை. ஏன் என்று கீழே வரும்.

முதல் வேலை: மழையில் நடப்பது

பெரும்பாலானோர் முதலில் செடி வாங்கப் போகிறார்கள், அல்லது பெக்கோ பிடித்துக் குழி வெட்டுகிறார்கள். இரண்டும் பிறகு. முதலில் நல்ல மழை பெய்யும்போது குடையும் கைபேசியும் எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது? பக்கத்துக் காணியிலிருந்தா, ரோட்டிலிருந்தா? எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறது, எங்கே தெளிவாக இருந்தது கலங்குகிறது, எந்த ஓட்டையால் வெளியே போகிறது? ஒரு காகிதத்தில் காணியின் படத்தைக் கீறி அம்புக்குறி போடுங்கள். சரிவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மேசன்மார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயே போதும்.

யார்டில் நீண்ட காலமாக வேலை செய்பவர்களிடமும் கேளுங்கள். “அண்ணே, மழைக்கு எந்த இடத்தில் முதலில் தண்ணீர் நிற்கும்?” என்று கேட்டால் வரைபடத்தில் இல்லாத விஷயம் வரும். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். சரிவுக்குக் குறுக்கே கான் எடுத்து, இடையிடையே தடுப்பு விட்டு, மண்ணை அங்கேயே தேக்கி எடுக்கும் அந்த முறையைத்தான் இங்கேயும் செய்யப்போகிறோம். களனி கங்கைக்கு நீர் தரும் ஆறுகள் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து மலைகளிலிருந்துதான் இறங்குகின்றன. மேலே தோட்டத்திலும் கீழே யார்டிலும் இருப்பது ஒரே நீரேந்து பிரதேசம்.

அப்புறம் கணக்கு. 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச், சுமார் 4,047 சதுர மீற்றர். அதில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் இரண்டு இலட்சம் லீற்றருக்கு மேல் வருகிறது. கொழும்பில் ஓர் இடிமழை நாளுக்கு இது பெரிய அளவே அல்ல. முழுக்கக் கொங்கிரீட் போட்ட ஒரு ஏக்கரில், மணிக்கு 100 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் மழை கொட்டினால், நொடிக்கு ஏறக்குறைய 100 லீற்றர் வெளியேறும். உங்கள் கானும் மதகும் இதைத் தாங்குமா என்று பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள்.

மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

தெளிவான கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் இறங்கும். சில மணி நேரத்தில் வண்டல் இறங்கும். அடுத்த நாள் காலையிலும் தண்ணீர் சிவப்பாகவே இருந்தால் அது களி. நம் கிரவலில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 0.002 மில்லிமீற்றர் களித்துகள் ஒன்று அசையாத நீரில் ஒரு மீற்றர் இறங்கவே ஏறக்குறைய 3 நாள் ஆகும். ஓடுகிற தண்ணீரில் அது இறங்கவே இறங்காது. “ஒரு சேற்றுக்குழி வெட்டினால் போதும்” என்று யாராவது சொன்னால் இந்தப் போத்தலைக் காட்டுங்கள்.

தொழிற்சாலைக் காணி என்பதால் இன்னொரு சோதனையும் வேண்டும். பற்றரி, எண்ணெய், சாயம், உலோகப்பூச்சு வேலைகள் முன்பு நடந்த இடமா? அப்படியானால் தோண்டுவதற்கு முன் மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். ஈயம், துத்தநாகம் போன்றவை மெல்லிய களித்துகளில்தான் அதிகம் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துகள்தான் முதலில் வெளியேறுவதும். மாசுபட்ட மண் என்று தெரிந்தால் அங்கே நீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகள் கூடாது, நிலத்தடி நீரையும் கெடுத்துவிடும். தோண்டிய மண்ணைப் பக்கத்துச் சதுப்பில் கொட்டவே கூடாது. அதை அகற்ற உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

அனுமதி

தாழ்நிலம் நிரப்புவது, வாய்க்கால் கரையில் கை வைப்பது என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் முதலில் போங்கள். உங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் நிபந்தனைகளை ஒரு முறை முழுதாகப் படியுங்கள், பலர் கோப்பில் போட்டதோடு சரி. சரிவோ மண்மேடோ ஆபத்தாகத் தெரிந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. களனி கங்கையின் வெள்ளத் தடுப்பு அணையை ஒட்டிய காணி என்றால், நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்காமல் அணைப் பக்கம் ஒரு மண்வெட்டிகூடப் போடாதீர்கள்.

காலம் பார்த்துத் தொடங்குங்கள்

கொழும்பில் மழை ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் உச்சத்துக்குப் போகும். ஜனவரி, பெப்ரவரி ஓரளவு காய்ந்த மாதங்கள். ஆகவே மண் வெட்டு, மட்டம் செய்வது, கான் வேலை எல்லாம் ஜனவரி, பெப்ரவரியில். நடுகை மார்ச் கடைசியில், ஏப்ரல் மழை வேர் பிடிக்க உதவும்படி. அந்தக் காலத்தைத் தவறவிட்டால் ஓகஸ்ட் அடுத்த வாய்ப்பு. எந்த மாதமானாலும் முழுக் காணியையும் ஒரே நேரத்தில் கிளறாதீர்கள். ஒரு துண்டு முடிந்து மூடிய பிறகு அடுத்த துண்டு. கொந்தராத்துக்காரர் “எல்லாத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிடலாம் சேர், மிசின் வாடகை மிச்சம்” என்பார். ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்த மிச்சம் ஒரே மழையில் போய்விடும்.

மேலிருந்து வரும் நீரை விலக்குங்கள்

கூரையிலிருந்தும் மேட்டுக் காணியிலிருந்தும் வரும் நீர் பெரும்பாலும் சுத்தமானது. அது திறந்த மண்ணில் ஓடினால்தான் சேறாகிறது. கூரைப் பீலிகளைச் சரியாக்கிக் குழாய் வழியாக நேரே கானுக்கோ தாங்கிக்கோ விடுங்கள். காணியின் மேல் எல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் வரம்பு கட்டி, அதில் உடனே புல் பதித்து, வரும் நீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இந்த ஒரு வேலைக்குப் பிறகு நீங்கள் கையாள வேண்டிய சேற்றுநீர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

மண்ணை மூடுங்கள்

இதுதான் முழு வேலையின் இதயம். மழைத்துளி நேரே வெறும் மண்ணில் விழும்போதுதான் துகள் பிரிகிறது. மண் இழப்பைத் தீர்மானிப்பவை மழை, மண் வகை, சரிவு, மூடுகை. மழையை மாற்ற முடியாது. மண்ணையும் சரிவையும் மாற்றப் பெரும் செலவு. மூடுகையை மட்டும் இந்த வாரமே மாற்றலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் கைபடாமல் இருக்கப்போகும் எந்த மண்ணையும் திறந்து விடாதீர்கள். மண் குவியல் என்றால் தார்ப்பாய், தட்டையான இடம் என்றால் வைக்கோல். சரிவுக்கு நம் நாட்டிலேயே அருமையான பொருள் இருக்கிறது: தென்னந்தும்பு வலை. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் இதை உள்ளூரில் நாம் போதிய அளவு பயன்படுத்தாதது எனக்கு எப்போதும் வருத்தம். ஒரு சதுர மீற்றருக்கு 400, 700, 900 கிராம் என்று வகைகள் உண்டு. செங்குத்தான சரிவுக்குக் கனமானதை எடுங்கள். சில வருடங்களில் அது மக்கி மண்ணோடு சேரும், அதற்குள் வேர் பொறுப்பேற்றுக்கொள்ளும்.

விரிக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சரிவின் உச்சியில் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு சிறு அகழி வெட்டி, வலையின் நுனியை அதில் புதைத்து மண்ணை இறுக்குங்கள். பிறகு மேலிருந்து கீழே உருட்டி விரியுங்கள். ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் ஒரு சாண் அளவு ஏறியிருக்க வேண்டும். வலை எல்லா இடத்திலும் மண்ணோடு ஒட்ட வேண்டும். கல்லுக்கும் கட்டிக்கும் மேல் அந்தரத்தில் நின்றால் அதன் அடியில் தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடைகள் வெட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் மேற்பரப்பைச் சமப்படுத்தி, விதையோ புல்லோ போட்டு, அதன் பிறகு வலை. வலையை அடித்து நிறுத்தும் முளைகளுக்கு மூங்கில் போதும்.

லொறி ஓடி இறுகிய கிரவலில் எதுவும் வளராது, வேரும் இறங்காது, நீரும் இறங்காது. அங்கே 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணைக் கிளறி, ஒரு கைப்பிடி உயரத்துக்குக் கூட்டெரு பரப்பிக் கலந்த பிறகே நடுகை. இதைச் செய்யாமல் புல் பதித்துவிட்டு “இங்கே புல் வராது” என்று சொல்வது மண்ணின் பிழை அல்ல.

சரிவுக்கு வெட்டிவேரைவிட நம்பிக்கையான செடி எனக்குத் தெரியாது. வேர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கும், இரண்டு மூன்று மீற்றர்கூடப் போகும். நடுகைக்குப் பயன்படும் வகை விதை மூலம் பரவாது, ஆகவே களையாக மாறும் என்ற பயமில்லை. இலையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வேரையும் கொஞ்சம் கத்தரித்து, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுங்கள். உயரத்தில் ஒவ்வொரு மீற்றருக்கு அல்லது ஒன்றரை மீற்றருக்கு ஒரு வரிசை. இடையில் பல் விழுந்தாற்போல இடைவெளி விட்டால் நீர் முழுக்க அந்த வழியால்தான் பாயும், செத்த செடியை உடனே மாற்றி நடுங்கள். முதல் சில வாரம் மழை இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேலி போல இறுகியதும் அதன் பின்னால் மண் தானாகப் படிந்து சிறு படிகள் உருவாகும். நிழல் மட்டும் அதற்கு ஆகாது. கட்டடத்தின் நிழல் விழும் இடத்தில் அகன்ற இலைப் புல்லைப் பதியுங்கள், இங்கே மலேசியன் புல் என்று விற்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். மஞ்சள் பூப் பூத்துத் தரையெல்லாம் படரும் வெடேலியாவை நடாதீர்கள். வேகமாக மூடும் என்பதற்காக நாற்றுமேடைகளில் பரிந்துரைப்பார்கள். அது ஆக்கிரமிப்புச் செடி, உங்கள் வளவிலிருந்து சதுப்புக்குப் போனால் பிறகு எடுக்க முடியாது. கினிப்புல்லும் அப்படித்தான்.

வாசலும் கானும்

லொறிச் சக்கரத்தோடு வெளியே போகும் மண்ணைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. வாசலுக்கு உள்ளே குறைந்தது 15 மீற்றர் நீளத்துக்கு, அடியில் புவித்துணி (கல் மண்ணுக்குள் புதையாமல் விரிக்கும் தடித்த துணி) விரித்து, 5 முதல் 7 சென்ரிமீற்றர் உடைகல்லை ஒரு சாணுக்குக் குறையாத தடிப்பில் போடுங்கள். சக்கரம் அதில் குலுங்கும்போது சேறு விழும். ரோட்டில் விழுந்ததைக் கூட்டி அள்ளுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவினால் நீங்களே அதைக் கானுக்கு அனுப்புகிறீர்கள்.

மண் கான்களில் குறுக்கே சிறு கல் தடுப்புகள் வையுங்கள். நடுப்பகுதி ஓரங்களைவிட 15 சென்ரிமீற்றர் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஓரத்தை அரித்துச் சுற்றிப் போகும். இடைவெளிக்கு விதி இலேசானது: மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் உச்சியும் ஒரே மட்டம். 100 மீற்றருக்கு 3 மீற்றர் இறங்கும் கானில் 45 சென்ரிமீற்றர் உயரத் தடுப்பு என்றால் 15 மீற்றருக்கு ஒன்று வரும். கொங்கிரீட் கான் முடிந்து மண்ணில் நீர் விழும் இடத்தில் கல் பரப்புங்கள், அங்கேதான் குழி விழும்.

சேற்றுநீரைத் தடுத்து மண்ணைப் பிடிக்கும் துணி வேலி கட்டுவதாக இருந்தால் அதன் அடியை 15 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதையுங்கள், இரு நுனிகளையும் மேட்டுப் பக்கமாக வளையுங்கள். பரவி வரும் நீருக்குத்தான் அது. கானுக்குக் குறுக்கே கட்டினால் முதல் மழையிலேயே பிய்த்துக்கொண்டு போகும்.

சேற்றுக்குளம்

இத்தனைக்கும் பிறகு மிஞ்சி வரும் மண்ணுக்குத்தான் குளம். நீர் வடியும் ஒவ்வொரு ஏக்கருக்கும் 100 கனமீற்றர் அளவில் வைத்துக்கொண்டால் தொடக்கத்துக்குச் சரி. அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். நீர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எதிரெதிர் நுனிகளில். அடியிலிருந்து நீரை விடாமல் மேற்பரப்பு நீர் வழிந்து போகும்படி செய்யுங்கள். பாதி அளவுக்கு மண் நிரம்பினால் அள்ள வேண்டும், ஆகவே பெக்கோ இறங்க வழி விட்டுக் கட்டுங்கள்.

கொழும்பில் குளம் என்றாலே டெங்கு நினைவுக்கு வர வேண்டும். மழைக்குப் பின் ஆங்காங்கே சிறு குட்டைகளாக நீர் நிற்கும் குளம் நுளம்புக்கு வசதி. ஒன்று, 3 நாளுக்குள் முழுக்க வடியும்படி கட்டுங்கள். அல்லது எப்போதும் ஆழமாக நீர் நிற்கும்படி வைத்துக் கப்பி மீன் விடுங்கள். களி மண்ணுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும், ஏனென்றால் 3 நாளில் அது தெளியாது. சுகாதாரப் பரிசோதகருக்கும் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள்.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் கரையாமல் கலந்து நிற்கும் துகள்கள் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது 2008 வர்த்தமானியின் வரம்பு. மழைநீருக்கும் அதையே இலக்காக வைத்து அவ்வப்போது மாதிரி எடுத்துப் பாருங்கள்.

சதுப்பு ஓரத்தைத் திருப்பிக் கொடுப்பது

கொழும்பின் பல தொழிற்சாலைக் காணிகளின் பின்பக்கம் ஒரு காலத்தில் சதுப்பு. இந்த ஈரநிலங்களுக்காகத்தான் 2018இல் கொழும்புக்கு, ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. மீன்பிடிப் பூனை இன்னும் இங்கே வாழ்கிறது. பெருமழையில் நீரைத் தாங்கி மெல்ல விடுவதும் இந்தச் சதுப்புகள்தான்.

வாய்க்கால் ஓரமாக எத்தனை மீற்றர் ஒதுக்கம் விட வேண்டும் என்று காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடம் கேட்டு எல்லை போடுங்கள். அதற்கு மேல் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அங்கே கொட்டிய கட்டட இடிபாடு, பொலித்தீன், நிரப்பிய கிரவல் ஆகியவற்றை மெல்ல அகற்றுங்கள். நிலம் பழைய மட்டத்துக்கு இறங்கி நீர் வந்து போனாலே பாதிச் செடிகள் தாமாக வரும். மேட்டில் வெட்டிவேர், அதற்குக் கீழே மருதும் தாழையும், நீர் ஓரத்தில் சம்பும் கோரையும் என்று நடலாம். வெல் ஆத்தா என்று இங்கே சொல்லும் அந்நிய மரம் அடர்ந்திருந்தால் துண்டு துண்டாக வெட்டி, வெட்டிய இடத்தில் மருது பிடித்த பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் கரை சரியும்.

சதுப்பின் அடியில் கறுப்புக் கரிச்சேறு. அது பாரம் தாங்காது. அதன்மேல் மண்ணையோ குப்பையையோ உயரமாகக் குவிக்க வேண்டாம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீத்தொட்டமுல்லையில் சரிந்த குப்பைமேடு சதுப்பு நிலத்தின்மேல் வளர்ந்தது. அதன் அடியில் குடும்பங்கள் புதைந்தன.

தொடர்ந்து பார்ப்பது

ஒரு மழைமானி வாங்கிக் கூரை மறைக்காத இடத்தில் வையுங்கள். 25 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த ஒவ்வொரு மழைக்கும் அடுத்த காலை ஒருவர் முழு வளவையும் சுற்ற வேண்டும்: வலை கிழிந்ததா, தடுப்பில் மண் பாதி நிரம்பியதா, புதிய ஓடை விழுந்ததா? விரல் ஆழத்தில் ஒரு ஓடை கண்டால் அன்றே மூடுங்கள். ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, மழை அளவோடு சேர்த்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இந்தப் பொறுப்பைப் பெயர் குறித்து ஒருவருக்குக் கொடுங்கள். “எல்லாரும் பார்ப்பார்கள்” என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, உங்கள் காகிதத்தில் அம்புக்குறி மதிலைத் தாண்டிப் போகும் இடத்தை மறுபடி பாருங்கள். அந்தப் பக்கம் இருக்கும் நிறுவனத்தின் பராமரிப்புப் பொறுப்பாளரை ஒரு நாள் கூட்டி வந்து உங்கள் கானையும் குளத்தையும் காட்டுங்கள், அவருடையதையும் போய்ப் பாருங்கள். இரண்டு வளவுக்கும் பொதுவாக ஒரு குளம் வெட்டுவது தனித்தனியே வெட்டுவதைவிடச் செலவு குறைவு, இடமும் மிச்சம். பேச்சை ஜனவரிக்கு முன் தொடங்கினால் வேலையை அந்தக் கோடையிலேயே முடித்துவிடலாம்.